முன்னாள் மனைவி வேறொருவருடன் வாழ்கிறார்: ஜீவனாம்சத்தை நிறுத்தலாமா?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். 2019-இல் எனக்கு விவாகரத்து ஆயிற்று. இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி முன்னாள் மனைவிக்கு மாதம் 18,000 ரூபாயும், மகளுக்குத் தனியாக 9,000 ரூபாயும் கொடுக்கும்படி குடும்ப நல நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்றுவரை தவறாமல் வங்கி மூலம் அனுப்பி வருகிறேன்.

கடந்த ஆண்டு முதல் அவர் கோயம்புத்தூரில் வேறொருவருடன் ஒரே வீட்டில் வாழ்கிறார். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. விடுமுறைக்கு வரும்போது மகளே சொல்கிறாள். அந்த மனிதர் நல்ல வேலையில் இருப்பவர், சொந்தக் கார் உண்டு. திருமணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. செய்துகொண்டால் ஜீவனாம்சம் நின்றுவிடும் என்பதுதான் காரணம் என்கிறார் என் அக்காவின் கணவர். "அடுத்த மாதத்திலிருந்து நிறுத்திவிடு. வேண்டுமானால் அவர்கள் நீதிமன்றத்துக்கு வரட்டும்" என்பது அவருடைய யோசனை.

முன்னாள் மனைவிமீது எனக்குப் பகை இல்லை. அவர் யாருடன் வாழ்ந்தாலும் அது அவர் விருப்பம். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் வீட்டுக்கு நான் ஏன் மாதாமாதம் படியளக்க வேண்டும்? சட்டம் என்ன சொல்கிறது?

தெற்குவாசல்:
உங்கள் அத்தான் சொன்னதே சரி. பணத்தை நிறுத்துங்கள், தானாக வழிக்கு வருவார்கள். தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்வதற்குச் சட்டத்தில் தடை இல்லை என்றால், அதற்கு முன்னாள் கணவன் செலவழிக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இல்லை. நேராக வழக்குப் போட்டு நாலு பேர் முன்னால் கேளுங்கள்.

கறுப்பு அங்கி:
வைகைக்கரை அவர்களே, நான் குடும்ப நல வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். தயவுசெய்து இந்த யோசனையைக் கேட்காதீர்கள். நீதிமன்றம் மாற்றும்வரை உத்தரவு உத்தரவுதான். நீங்கள் நிறுத்தினால் ஒவ்வொரு மாதமும் பாக்கி ஏறும். உரிமையியல் தீர்ப்பாணையைப் போலவே இதற்கும் நிறைவேற்று மனு போட்டு உங்கள் சம்பளத்தைப் பற்றுகை செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் வந்த உத்தரவாக இருந்தால் நிலைமை இன்னும் கடுமை. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகியிருக்கிறது. அதில் பிடிவாரண்டு உண்டு; செலுத்தாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. "அவர் வேறொருவருடன் வாழ்கிறார்" என்று அந்தக் கட்டத்தில் போய்ச் சொன்னால், "அப்படியானால் மனு போட்டிருக்க வேண்டியதுதானே?" என்றுதான் நீதிபதி கேட்பார்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 25-ஆம் பிரிவில் உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. உட்பிரிவு 2-இன்படி, உத்தரவுக்குப் பின் இருவரில் எவருடைய சூழ்நிலை மாறியிருந்தாலும் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ ரத்து செய்யவோ கேட்கலாம். உட்பிரிவு 3 வேறு மாதிரியானது. ஜீவனாம்சம் பெறுபவர் மறுமணம் செய்துகொண்டாலோ, பெறுபவர் மனைவியாக இருந்து கற்பு தவறினாலோ, நீதிமன்றம் உத்தரவை மாற்றலாம் என்கிறது. மறுமணம் என்றால்கூட "மாற்றலாம்" என்றுதான் இருக்கிறது, தானாக ரத்தாவதில்லை. ஆனால் 125-ஆம் பிரிவு உத்தரவு என்றால், மறுமணம் நிரூபணமானதும் அந்தத் தேதியிலிருந்து நடுவர் ரத்து செய்தே ஆகவேண்டும். ஆகவே உங்கள் உத்தரவு எந்தச் சட்டத்தில் வந்தது என்பது மிகவும் முக்கியம்.

விவாகரத்து சம்மதத்தின்பேரில் நடந்ததா? அப்படியானால் ஒப்பந்தத்தில் "மறுமணம் வரை" என்பது போன்ற வாசகம் ஏதேனும் உண்டா என்று பாருங்கள்.

வைகைக்கரை:
நன்றி ஐயா. சம்மத விவாகரத்து இல்லை. கொடுமை என்ற காரணத்தில் அவர் தொடுத்த வழக்கு. உத்தரவில் அப்படி எந்த வாசகமும் இல்லை.

மணற்கேணி:
மேலே சொன்ன உட்பிரிவு 3-ஐ முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஜீவனாம்சம் பெறுபவர் கணவனாக இருந்தால் அவர் திருமணத்துக்கு வெளியே ஒரு பெண்ணுடன் உறவு கொண்டாரா என்று பார்க்கிறது. மனைவியாக இருந்தால் கற்போடு இருந்தாளா என்று பார்க்கிறது. 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் 37-ஆம் பிரிவிலும் மனைவியைப் பற்றி இதே கேள்விதான். பணம் கொடுக்கும் கணவன் எப்படி வாழ்கிறான் என்று எந்தப் பிரிவும் கேட்பதில்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். ஜீவனாம்சம் என்பது ஒருவர் பிழைப்பதற்கான தொகை. அவருக்கு அது இன்னும் தேவையா என்று கேட்டால் நியாயம். அவர் இரவில் எங்கே தூங்குகிறார் என்பதற்கும் அரிசி விலைக்கும் என்ன தொடர்பு?

தெற்குவாசல்:
தொடர்பு இருக்கிறது ஐயா. அரிசியை இப்போது வேறொருவர் வாங்கிப் போடுகிறார் அல்லவா?

மணற்கேணி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். வாங்கிப் போடுகிறாரா என்று கேளுங்கள். அது தேவை பற்றிய கேள்வி. கற்பு பற்றிய கேள்வி அல்ல.

நிலாமுற்றம்:
இந்த இழையைப் படிக்கும்போது கை நடுங்குகிறது. நான் ஜீவனாம்சம் பெறும் தரப்பு. மாதம் 6,000 ரூபாய். அதிலும் பெரும்பகுதி பாக்கி. விவாகரத்துக்குப் பிறகு என் முன்னாள் கணவர் மறுமணம் செய்துகொண்டார், இரண்டாவது குழந்தையும் பிறந்துவிட்டது. நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் என்னுடன் வேலை செய்யும் ஒருவர் மழை நாளில் என்னை வீட்டில் இறக்கிவிட்டதைப் படமெடுத்து மனுவோடு இணைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் சாட்சி சொல்ல வந்தார். "அந்த ஆள் எத்தனை மணிக்குப் போனார்?" என்று கூண்டில் நிற்கவைத்துக் கேட்டார்கள். மனு தள்ளுபடி ஆனது. ஆனால் அந்தத் தெருவில் அதற்குப் பிறகு என்னால் இருக்க முடியவில்லை, வீடு மாற்றினேன்.

வைகைக்கரை அண்ணா, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. இருந்தாலும் இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். முதலாவது, மறுமணம் செய்யாததற்குப் பணம்தான் காரணம் என்று உங்கள் அத்தானுக்கு எப்படித் தெரியும்? ஒரு திருமணத்தில் அடிபட்டு வந்தவள் இன்னொரு பத்திரத்தில் கையெழுத்துப் போட யோசிக்கமாட்டாளா? இரண்டாவது, அந்த மனிதர் நாளைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். அப்போது அவரிடம் உங்கள் முன்னாள் மனைவி எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பார்?

கறுப்பு அங்கி:
சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஓரளவு பதில் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், "திருமணத்தின் தன்மையிலான உறவு" என்று ஒன்றை ஏற்கிறது. அதன் எல்லைகளை உச்ச நீதிமன்றம் 2010-இல் வரையறுத்தது. கோயம்புத்தூர் குடும்ப நல நீதிமன்றத்தில் தொடங்கி டெல்லிவரை போன வழக்கு அது. இருவரும் சமூகத்தின் முன் கணவன் மனைவியைப் போல நடந்துகொள்ள வேண்டும், சட்டப்படி திருமணம் செய்யும் வயதும் தகுதியும் இருக்க வேண்டும், தாமாக விரும்பிக் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த அளவுகோலுக்குள் வந்தால் புதிய துணைவரிடமிருந்தும் பண நிவாரணம் கேட்கலாம். வார இறுதியில் வந்து போகிறவர் என்றால் கிடைக்காது.

2025 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் சொல்ல வேண்டும். முதல் திருமணம் சட்டப்படி ரத்தாகாத நிலையில் இரண்டாவது திருமணம் செய்து வாழ்ந்த பெண்ணுக்கு, அந்த இரண்டாவது கணவர் 125-ஆம் பிரிவின்படி ஜீவனாம்சம் தரவேண்டும் என்று தீர்ப்பானது. பெண்ணைத் தெருவில் விடக்கூடாது என்பதே அந்தப் பிரிவின் நோக்கம் என்ற பார்வை அதில் தெரிகிறது.

தெற்குவாசல்:
எல்லாம் சரி வக்கீல் ஐயா. நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே இப்படி வாழ்கிற பெண்ணுக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று சொல்லியிருக்கிறதே? அதை ஏன் மறைக்கிறீர்கள்?

கறுப்பு அங்கி:
மறைக்கவில்லை, வரிசையாக வருகிறேன்! 2015-இல் நீதிபதி எஸ். நாகமுத்து வழங்கிய தீர்ப்பைச் சொல்கிறீர்கள். 125-ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவு, பிறன்மனை உறவில் வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்கிறது. விவாகரத்தான பெண்ணையும் "மனைவி" என்று கருதித்தானே அந்தச் சட்டம் பணம் வாங்கித் தருகிறது; அப்படியானால் மனைவிக்குள்ள தடையும் அவளுக்குப் பொருந்தும் என்பது அந்தத் தீர்ப்பின் தர்க்கம். தமிழ்நாட்டில் கணவன் தரப்பு வக்கீல் இதை முதல் நாளே எடுத்து வைப்பார்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. திருமணமே இல்லாதபோது பிறன்மனை உறவு எங்கிருந்து வரும் என்ற கேள்வி எளிதில் ஓயாது. அதே உட்பிரிவில், பரஸ்பர சம்மதத்தால் பிரிந்து வாழ்பவர்களுக்கு ஜீவனாம்சம் இல்லை என்றும் ஒரு தடை இருக்கிறது. அது சம்மத விவாகரத்து பெற்ற பெண்ணுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஒரு தடை பொருந்தாதபோது மற்றது மட்டும் எப்படிப் பொருந்தும் என்று பெண் தரப்பில் வாதாடலாம், நானே வாதாடியிருக்கிறேன். தவிர, "உறவில் வாழ்வது" என்றால் தொடர்ச்சியான வாழ்க்கை. என்றோ நடந்த ஒரு தவறு போதாது. டெல்லி உயர் நீதிமன்றம் 2022-இல் இதை மீண்டும் தெளிவாகச் சொன்னது.

2025-இல் சத்தீஸ்கர் உயர் நீதிமன்றம் ஜீவனாம்சம் மறுத்ததையும் சிலர் காட்டுவார்கள். அங்கே மனைவியின் பிறன்மனை உறவுக்காகவே விவாகரத்து கொடுக்கப்பட்டிருந்தது. வைகைக்கரையின் கதை வேறு. இங்கே கொடுமைக்காக மனைவி பெற்ற விவாகரத்து. பல ஆண்டுகள் கழித்து வந்த உறவு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

ஈப்போ வாசகன்:
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 82-ஆம் பிரிவில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. மணவிலக்கு பெற்றவர் மறுமணம் செய்தாலோ வேறொருவருடன் தகாத உறவில் வாழ்ந்தாலோ ஜீவனாம்ச உரிமை முடிந்துவிடும். ஆண், பெண் இருவருக்கும் ஒரே விதி. அந்த ஒன்றில் உங்கள் சட்டத்தைவிட மேல் என்பேன்.

ரூர் நதிக்கரை:
ஜெர்மனியில் வேறு வழி. 2008 சீர்திருத்தத்துக்குப் பின் உரிமையியல் சட்டத் தொகுப்பின் 1579-ஆம் பிரிவில், ஜீவனாம்சம் பெறுபவர் "உறுதிப்பட்ட கூட்டு வாழ்க்கையில்" இருந்தால் தொகையைக் குறைக்கலாம், நிறுத்தலாம், காலவரை போடலாம் என்று சேர்த்தார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தபின்தான் நீதிமன்றம் அதை ஏற்கும். சேர்ந்து வீடு வாங்கினாலோ குழந்தை பிறந்தாலோ அதற்கு முன்பே ஏற்கலாம். படுக்கையறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. லண்டனில் இருக்கும் என் தம்பி சொல்வது: அங்கே மறுமணம் செய்தால் மாதத் தொகை அன்றே முடிந்துவிடும், சேர்ந்து வாழ்ந்தால் முடியாது, ஆனால் புதிய துணைவர் வீட்டுச் செலவில் எவ்வளவு பங்கு போடுகிறார், போட முடியும் என்பதைக் கணக்கில் எடுப்பார்கள்.

மணற்கேணி:
ஜெர்மனிக்காரர்களுடைய கேள்வியைத்தான் நம் 25(2)-இலும் கேட்க முடியும். சட்டத்தைத் திருத்த வேண்டிய தேவைகூட இல்லை. "சூழ்நிலை மாற்றம்" என்ற இரண்டு சொற்களுக்குள் வாடகையும் அடங்கும், மளிகையும் அடங்கும். ஆனால் நம் வக்கீல்கள் 25(3)-ஐத் தான் முதலில் உருவுகிறார்கள். எதிர்த்தரப்பை அவமானப்படுத்தினால் சமரசத்துக்கு வருவார்கள் என்ற கணக்கு.

பழைய பதிவறை:
குடும்ப நல நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மணற்கேணி சொல்வது நூற்றுக்கு நூறு சரியில்லை என்றாலும் பெரும்பாலும் சரி. கற்பு என்று மனுவில் எழுதிவிட்டால் அந்த வழக்கு எளிதில் முடியாது. எதிர்மனுதாரர் மறுப்பார். அந்த மனிதரைச் சாட்சியாக அழைப்பார்கள், அவர் வரமாட்டார். வீட்டு உரிமையாளர் வருவார், பாதியில் பின்வாங்குவார். வாய்தா மேல் வாய்தா. பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

தேவை பற்றிய மனு என்றால் காகிதம் பேசும். வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்? மின் கட்டணம் யார் கணக்கிலிருந்து போகிறது? குடும்ப அட்டையில் யார் இருக்கிறார்கள்? அம்மா வேலைக்குப் போகிறாரா? நீதிபதி இவற்றைத்தான் முதலில் கேட்பார்.

இன்னொன்றும் சொல்கிறேன், வருத்தப்படக்கூடாது. 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் சம்பளம் 2019-இல் இருந்ததைவிட உயர்ந்திருக்கும் அல்லவா? குறைக்கச் சொல்லி நீங்கள் போனால், கூட்டச் சொல்லி அவர் எதிர்மனு போடலாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மாதம் 20,000 என்பதை 50,000 ஆக்கி, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 5 சதவீதம் உயர்த்தவும் உத்தரவிட்டது. அந்தக் கணவரின் வருமானம் வேறு, உங்கள் வருமானம் வேறு. ஆனாலும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு மனு போடுங்கள்.

வைகைக்கரை:
சம்பளம் உயர்ந்தது உண்மைதான். அதை யோசிக்கவில்லை.

ஒரு தனியார் துப்பறியும் நிறுவனம், அவர்கள் இருவரும் ஒரே வீட்டில் இருப்பதைப் படத்தோடு நிரூபிப்பதாகவும், வேண்டுமானால் தொலைபேசி அழைப்புப் பட்டியலும் எடுத்துத் தருவதாகவும் சொல்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

கறுப்பு அங்கி:
அழைப்புப் பட்டியல் பக்கமே போகாதீர்கள். 2024 அக்டோபரில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மனைவிக்குத் தெரியாமல் கணவன் எடுத்த அழைப்பு விவரங்களை ஆதாரமாக ஏற்க முடியாது, அது அந்தரங்க உரிமை மீறல் என்று சொன்னார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கணவன் மனைவி உரையாடலை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் திருமண வழக்கில் ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது உண்மை. அதை வைத்துக்கொண்டு எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று இந்த நிறுவனங்கள் பேசும். அது தம்பதியர் தமக்குள் பேசிக்கொண்டதைப் பற்றியது. நீங்களோ விவாகரத்தானவர், அவர் மூன்றாம் நபருடன் பேசியதை எட்டிப் பார்க்கப் போகிறீர்கள். ஆள்வைத்துப் பின்தொடர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 78-ஆம் பிரிவில் உங்கள்மீதே புகார் வரலாம்.

சேர்ந்து வாழ்வதை அவரே மறைக்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் துப்பறிய என்ன இருக்கிறது? மனுவில் ஒரு வரி எழுதினால் அவர் ஒப்புக்கொள்ளப் போகிறார்.

நிலாமுற்றம்:
ஒரே ஒரு வேண்டுகோள் அண்ணா. இனி மகளிடம் எதுவும் கேட்காதீர்கள். அவள் சொன்னதை மனுவில் எழுதவும் வேண்டாம். அம்மாவுக்கு எதிராகத் தான் சாட்சியானோம் என்று நாளைக்கு அவளுக்குத் தெரியவரும்.

வைகைக்கரை:
நான் கேட்பதில்லை அம்மா, அவளாகச் சொல்வதுதான். ஆனால் நீங்கள் சொல்வது புரிகிறது. அவள் பெயர் மனுவில் வராது.

தெற்குவாசல்:
அப்போது மகளுக்கான 9,000-ஐயும் குறைக்கக் கேட்கக்கூடாதா? அந்த ஆள்தானே இப்போது அப்பா மாதிரி இருக்கிறார்?

கறுப்பு அங்கி:
மகள் வைகைக்கரையின் மகள். அம்மா யாருடன் வாழ்ந்தாலும், மறுமணமே செய்தாலும், பிள்ளைக்கான தொகை குறையாது. அதைத் தொட்டீர்கள் என்றால் முழு மனுவும் கெட்டுவிடும்.

வைகைக்கரை:
இல்லை, அதைத் தொடும் எண்ணமே எனக்கு இல்லை. பள்ளிக் கட்டணம் ஏறியதால் உண்மையில் 9,000 போதவும் போதாது.

எல்லோருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன்: பணம் தொடர்ந்து போகும். 25(2)-இன் கீழ் மட்டும் மனு, அதுவும் சமரச மையத்தில் ஒரு முறை உட்கார்ந்து பேசிய பிறகு. முழுதாக ரத்து கேட்கப்போவதில்லை. 18,000-இல் வாடகைக்காக ஒதுக்கியிருந்த பங்கைக் குறைக்கவும், அதில் ஒரு பகுதியை மகளின் பெயருக்கு மாற்றவும் கேட்கப் போகிறேன். வழக்கு மதுரையில் முடிந்தது, அவர் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். மனுவை எங்கே போடுவது?

கறுப்பு அங்கி:
உத்தரவு போட்ட நீதிமன்றத்திலேயே. அவர் தூரத்தைக் காரணம் காட்டி மாற்றக் கேட்டால் எதிர்க்காதீர்கள்; எப்படியும் கிடைத்துவிடும், உங்களுக்குத்தான் ஓராண்டு வீணாகும். வாடகைக்கு எவ்வளவு என்று தீர்ப்பில் தனியாக எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் பழைய மனுவில் அவர் காட்டிய செலவுக் கணக்கை எடுக்க வேண்டும்.

பழைய பதிவறை:
அந்தக் கணக்கு பழைய வழக்குக் கட்டுக்குள்தான் இருக்கும். நகல் மனு இப்போதே போட்டுவிடுங்கள் தம்பி. கட்டு பதிவறைக்குப் போயிருந்தால் தேடி எடுக்கவே நாளாகும். தீர்ப்பு நகலோடு சேர்த்து அவர் தாக்கல் செய்த மனுவின் நகலையும் கேளுங்கள். பலர் தீர்ப்பை மட்டும் வாங்கிக்கொண்டு மறுபடியும் வந்து நிற்பார்கள்.